வீட்டிலேயே செய்யலாமாம், எந்த வீட்டில்?

போன டிசம்பர் முதலாந் திகதி நாங்களும் சிவப்பு ரிபன் குத்தினோம். பீடத்து வாசலில் மேசை போட்டு, குண்டூசிப் பெட்டியை வைத்துக்கொண்டு, வருகிற போகிற எல்லாரையும் மறித்தோம். விரிவுரையாளர்கள் குத்தினார்கள். கன்ரீன் அண்ணா குத்தினார். வாசலில் நின்ற செக்கியூரிட்டி ஐயா, "இதென்ன, எலெக்சனோ?" என்று கேட்டுவிட்டுக் குத்தினார். பின்னேரம் படங்களைப் பேஸ்புக்கில் ஏற்றினோம். நல்ல லைக்.

மேசையை மடித்து வைத்துவிட்டு கன்ரீனுக்குப் பின்னால் உள்ள வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருத்தி கேட்டாள்: "உண்மையாச் சொல்லுங்கோ, இஞ்ச ஆராவது ஒருக்காலாவது ரெஸ்ற் பண்ணியிருக்கிறியளே?"

ஐந்து பேர் இருந்தோம். மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள், எல்லாரும் மூன்றாம் வருடம். ஒருவரும் பண்ணியிருக்கவில்லை. "எனக்கு அது தேவையில்லை" என்று ஒருவர் தொடங்கினார். மற்ற நாலு பேரும் அவரைப் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திவிட்டார். தேவையா இல்லையா என்பதைச் சொல்லுவதற்கே அந்த இடத்தில் தன் கதை முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

இதை எழுதுகிறவர்கள் அந்த ஐந்து பேரும்தான். எந்த வரியை யார் எழுதியது என்று தேடுவீர்கள், எங்களுக்குத் தெரியும். நாங்களும் தேடியிருப்போம். அதனால்தான் எல்லாவற்றையும் "நாங்கள்" என்றே எழுதுகிறோம்.

முதலில் எங்கட அழுக்கைச் சொல்லிவிடுகிறோம். இரண்டாம் வருடத்தில் எங்கட பட்ச் பொடியன் ஒருவன் ஓர் ஆஸ்பத்திரியின் பாலியல் நோய் கிளினிக் வாசலில் உள்ள கதிரையில் இருந்ததை வேறு அலுவலாக அங்கே போன ஒருவர் கண்டிருக்கிறார். கண்டதோடு விடவில்லை. தூரத்தில் நின்று படம் எடுத்து ஒரு வட்ஸ்அப் குறூப்பில் போட்டார். முகம் தெளிவில்லை, ஆனால் போட்டிருந்த பட்ச் ரீசேட் தெளிவாக இருந்தது. அரை மணித்தியாலத்துக்குள் பெயர் வந்துவிட்டது. ஒரு மணித்தியாலத்துக்குள் அவனோடு கதைத்துத் திரிந்த பெண்பிள்ளையின் பெயரும் வந்துவிட்டது. சிரிப்பு ஈமோஜி போட்டவர்களில் இதை எழுதும் எங்களில் இரண்டு பேரும் இருக்கிறோம். மிச்சம் மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை, குறூப்பை விட்டு விலகவும் இல்லை. அவன் அந்த வருடம் பரீட்சை எழுதவில்லை. எதற்காக அந்தக் கதிரையில் இருந்தான் என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. சினேகிதனுக்குத் துணையாகப் போயிருக்கலாம். இரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காக இருந்திருக்கலாம். எதுவாக இருந்தால்தான் என்ன. அந்தக் கதிரையில் இருந்ததுதான் அவன் அன்று செய்த பொறுப்பான காரியம், அதற்குத்தான் நாங்கள் அவனைத் தண்டித்தோம்.

பிறகு டிசம்பரில் "பரிசோதியுங்கள், பாதுகாத்துக்கொள்ளுங்கள்" என்று மேசை போட்டோம்.

இப்படியான ஊரில்தான் வீட்டிலேயே செய்யக்கூடிய பரிசோதனை பற்றிய பேச்சு வருகிறது. விசயம் புதிதில்லை. எச்.ஐ.வி.க்குத் தானே பரிசோதித்துக்கொள்வதை உலக சுகாதார நிறுவனம் 2016 இலேயே பரிந்துரைத்துவிட்டது. சிபிலிசுக்கும் அதே முறையைப் பின்னர் பரிந்துரைத்தது. கொனோறியா, கிளமிடியா போன்றவற்றுக்கு வீட்டில் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிற முறை பல நாடுகளில் சாதாரணம். இலங்கையிலும் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் எச்.ஐ.வி. சுயபரிசோதனையைக் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே கருவி இருக்கிறதா என்பது கேள்வியில்லை. அது எங்கட கையில் எப்படி வந்து சேரும், யார் தருவார்கள், எங்கே வைத்துச் செய்வது என்பதுதான் கேள்வி.

இந்தப் பிரசாரங்களில் எங்களுக்கு ஆகக் கூடின கோபம் "வீடு" என்ற சொல்லில்தான். "உங்கள் வீட்டின் தனிமையில்" என்று எழுதுகிறார்கள். யாருடைய வீட்டில் ஐயா தனிமை இருக்கிறது? கதவைச் சாத்தினால் "என்ன கதவைச் சாத்திக்கொண்டு செய்யிறாய்?" என்று கேட்கிற வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். பார்சல் வந்தால் முதலில் அம்மா திறப்பா, பிறகு அம்மம்மா தடவிப் பார்ப்பா, பக்கத்து வீட்டு அன்ரி என்ன விலை என்று கேட்பா. குளியலறை வீட்டுக்கு வெளியே கிணற்றடியில். விடுதியில் ஒரு ரூமுக்கு நாலு பேர், சில இடத்தில் ஆறு பேர். போடிங்கில் வீட்டுக்கார அம்மாவுக்கு நாங்கள் எத்தனை மணிக்கு லைற் நூத்தோம் என்பது வரை கணக்கு. பதினோராம் வகுப்பில் சுகாதாரப் பாடத்தில் இந்தப் பகுதி வந்தபோது ரீச்சர் புத்தகத்தை மூடிவிட்டு, "இதை வீட்டில வாசியுங்கோ" என்றா. வீட்டில் கேட்டால் "பள்ளிக்கூடத்தில படிப்பிக்கேல்லையோ?" இப்போது பரிசோதனையையும் அதே வீட்டுக்கு அனுப்பிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

வீடு எங்களுக்கு ஒளித்து வைக்கிற இடம். சினேகிதியின் ரூம், சினேகிதனின் அண்ணா வாடகைக்கு எடுத்த அனெக்ஸ், வார இறுதியில் எல்லாரும் ஊருக்குப் போன பிறகு காலியாகிற விடுதி மாடி, இவைதான் எங்கட வீடு. ஆகவே வீட்டுப் பரிசோதனையை எங்கட ஊருக்குக் கொண்டுவருவதென்றால் அதைச் சினேகிதம் வழியாகத்தான் கொண்டுவர முடியும்.

இது வெறும் ஆசைக் கதை இல்லை. கென்யாவில் கிசுமு பகுதியில் ஓர் ஆய்வு செய்து 2016 இல் வெளியிட்டார்கள். கர்ப்பிணிகளும் அண்மையில் பிள்ளை பெற்றவர்களுமாக 600 பெண்கள். ஒரு பகுதியினருக்கு, "உங்கள் கணவரைக் கிளினிக்குக்கு வரச் சொல்லுங்கள்" என்று அழைப்பு அட்டை கொடுத்தார்கள். மற்றப் பகுதியினருக்குச் சுயபரிசோதனைக் கருவிகளையே கையில் கொடுத்து, விரும்பினால் துணைவருக்கும் கொடுங்கள் என்றார்கள். அட்டை கொண்டுபோன பெண்களில் 52 வீதத்தினரின் துணைவர்கள் பரிசோதித்தார்கள். கருவி கொண்டுபோன பெண்களில் 91 வீதத்தினரின் துணைவர்கள் பரிசோதித்தார்கள். பெண்கள் சொன்ன கணக்குத்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்கள். அதே புருசன், அதே நோய், அதே ஊர். அட்டை "நீ வா" என்று கூப்பிட்டது. கருவி, தெரிந்த ஒருவரின் கையால் போனது.

லண்டனில் லம்பத், சதக் என்ற இரண்டு பகுதிகளில் 16 முதல் 30 வயது வரையான 2,072 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017 இல் வந்தது. ஒரு கூட்டத்துக்குப் பக்கத்தில் உள்ள கிளினிக்குகளின் விபரத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்பினார்கள். மற்றதுக்கு வீட்டுக்கே மாதிரிப் பெட்டி வரவழைக்கக்கூடிய இணைப்பை அனுப்பினார்கள். ஆறு கிழமைக்குள் முதலாவதில் 26.6 வீதமானோரும் இரண்டாவதில் சரியாகப் பாதிப் பேரும் பரிசோதித்திருந்தார்கள். லண்டனில் தபாற்பெட்டியை அம்மம்மா திறப்பதில்லை என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இது சின்ன வித்தியாசம் இல்லை. சீனாவில், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே, ஒருவர் இரண்டு மூன்று கருவிகளை எடுத்துத் தன் வட்டத்துக்குள் பகிர்கிற முறையைச் செய்து பார்த்தார்கள். கிளினிக் பக்கமே தலைகாட்டாதவர்களிடம் அது போய்ச் சேர்ந்தது. எங்கட நாட்டில் 365, 365அ என்ற தண்டனைச் சட்டப் பிரிவுகள் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்து தொங்கிக்கொண்டிருக்கும்போது, தற்பாலீர்ப்புள்ள ஒரு பொடியன் எந்தத் துணிவில் வரிசையில் நிற்பான்? கிளினிக்கில் உள்ளவர்கள் பொலிசுக்குச் சொல்லுகிறவர்கள் இல்லை. ஆனால் அது அவனுக்கு எப்படித் தெரியும், யார் சொல்லியிருக்கிறார்கள்?

சமூக வலைத்தளம் என்றதும் எங்கட சங்கங்களுக்கு ஞாபகம் வருவது பேஸ்புக் பேஜும் போஸ்ரரும்தான். போஸ்ரர் போட்டுவிட்டால் விழிப்புணர்வு முடிந்தது. எங்களிடம் ஏற்கனவே இருக்கிற வலைப்பின்னலை ஒருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கடந்த கால வினாத்தாள் சீனியரிடமிருந்து ஜூனியருக்கு எப்படி வருகிறது? பரீட்சைக்கு முதல்நாள் இரவு குப்பி போடுவது யார்? விரிவுரையில் மூன்று மாதம் விளங்காததை அக்கா ஒருத்தி இரண்டு மணித்தியாலத்தில் விளங்கப்படுத்திவிட்டுப் போவாவே, அதற்குச் சுற்றறிக்கை வந்ததா? பெண்பிள்ளைகளிடம் கேளுங்கள். மாதவிடாய்த் துணி திடீரென்று தேவைப்பட்டால் எந்த ரூமில் எந்த அலுமாரியின் எந்தத் தட்டில் இருக்கும் என்று முழு மாடிக்கும் தெரியும். கர்ப்பம் பார்க்கிற ரெஸ்ற்றை ரவுனுக்கு அங்கால் உள்ள பார்மசியில் வாங்கிப் பேப்பரில் சுத்திக் கொண்டுவந்து கொடுத்த சினேகிதிகள் எங்களில் இருக்கிறார்கள். அந்தச் சினேகிதி "ஏன்?" என்று கேட்கவில்லை. வாசலில் காவல் நின்றாள். கருவியை நண்பர் வழியாகக் கொடுங்கள் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். எங்கட விடுதிகள் பல வருடமாகச் செய்துகொண்டிருப்பதற்கு இன்னொரு பொருளைச் சேர்க்கிறோம், அவ்வளவுதான்.

"இது எங்கட கலாசாரத்துக்குச் சரிவராது" என்று சொல்ல ஒருவர் கட்டாயம் வருவார். அவருக்கு ஒரு விசயம். உங்கட அக்காவோ மச்சாளோ பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்களே, அதில் சிபிலிசுக்கும் எச்.ஐ.வி.க்கும் பார்த்திருப்பார்கள். இந்த நாட்டில் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் பார்ப்பது வழமை. குடும்பநல மிஸ் வீட்டுக்கு வந்து, திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, "கிளினிக்குக்குப் போய் இரத்தம் குடுத்தனீங்களே?" என்று மாமியாருக்கு முன்னால் கேட்பா. ஒருவருக்கும் மானம் போகவில்லை. அப்படி எல்லாரையும் பார்த்ததால்தான் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. எல்லாரும் செய்கிற காரியத்தில் யாரையும் தனியாகப் பிடிக்க முடியாது. கலாசாரம் அங்கே எங்கே போனது? கலியாணம் கட்டின பெண்ணின் உடம்பு என்றால் கேட்காமலே சோதிக்கலாம், கட்டாத பிள்ளை தானாகக் கேட்டால் மட்டும் கலாசாரமோ?

"பால்வினை நோய்" என்றும் ஒரு சொல் இருக்கிறது. வினை என்று கண்டாலே எங்கட ஆக்களுக்கு வினைப்பயன்தான் ஞாபகம் வரும், ஏதோ முற்பிறப்பில் செய்த பாவம் மாதிரி. நாங்கள் தொற்று என்றே சொல்கிறோம். தடிமனும் தொற்றுத்தான். உலகத்தில் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களுக்கு 2020 இல் மட்டும் 37 கோடியே 40 இலட்சம் புதிய தொற்றுகள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அது கிளமிடியா, கொனோறியா, சிபிலிஸ், ட்ரைக்கொமொனியாசிஸ் என்ற நாலின் கணக்கு மட்டும். நாலும் மருந்தால் மாறக்கூடியவை. பெரும்பாலும் அறிகுறி ஒன்றும் காட்டாது. கிளமிடியா வந்த பெண்களில் அதிகமானோருக்குத் தெரியவே தெரியாது. தெரியாமல் விட்டால் கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் பரவி, பிள்ளை தங்காமல் போகலாம். பிறகு பிள்ளையில்லை என்று அந்தப் பெண்ணைக் கோயில் கோயிலாக அலைக்கழிப்பதும் இதே சமூகம்தான். இருபத்திரண்டு வயதில் ஒரு கிழமைக் குளிசையோடு முடிந்திருக்க வேண்டிய விசயம்.

இனி, எங்களை உண்மையாகவே யோசிக்க வைத்த மறுப்புகளுக்கு வருகிறோம்.

முதலாவது, எங்கட இடதுசாரித் தோழர்கள் சொல்வது. "இது அரசாங்கத்தின்ர வேலை. தனிமனிதன்ர தலையில கட்டுறது நவதாராளவாதம்." தோழர், இலவச சுகாதாரத்துக்காக உங்களோடு ஊர்வலம் வந்தவர்கள்தான் நாங்கள். இலங்கையில் பாலியல் நோய் கிளினிக் இலவசம். எச்.ஐ.வி. மருந்தும் இலவசம். அந்த மருந்தை ஒழுங்காக எடுத்து இரத்தத்தில் வைரசின் அளவு கண்டறிய முடியாத மட்டத்துக்கு இறங்கிவிட்டால் உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு அரசாங்கம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, வாசலில் கமராவோடு நிற்பது நாங்கள். கிளினிக் பின்னேரமும் திறக்க வேண்டும், தமிழில் ஆறுதலாகக் கதைக்க ஆள் இருக்க வேண்டும், கருவியோடு வருகிற தாள் எங்களுக்கு விளங்குகிற தமிழில் இருக்க வேண்டும் என்று கேட்போம். சேர்ந்தே கேட்போம். அதற்காக அதுவரை ஒருவரும் பரிசோதிக்காமல் இருக்க வேண்டுமா?

இரண்டாவது மறுப்பு எங்களுக்குள்ளேயே வந்தது. தனியாக இருந்து செய்து, இரண்டு கோடு விழுந்தால்? அந்த இரவு அந்தப் பிள்ளை என்ன செய்யும்? இதைக் கேட்டவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எங்கட பல்கலைக்கழகங்களில் இதைவிடச் சின்ன விசயங்களுக்காக உயிரை விட்டவர்கள் உண்டு. ஆய்வுகளில் சுயபரிசோதனையால் இப்படியான தீங்கு அரிதாகத்தான் பதிவாகியிருக்கிறது என்று வாசித்தோம். அரிது என்ற சொல் எங்களுக்குப் போதவில்லை. அதனால்தான் தபாலில் வருகிற பார்சலைவிட சினேகிதியின் கையால் வருகிற பெட்டியை நாங்கள் நம்புகிறோம். கொடுக்கிறவருக்கு ஒரு கடமை இருக்கிறது. அன்று இரவு போனை ஓஃப் பண்ணாமல் இருக்க வேண்டும். கூப்பிட்டால் போக வேண்டும். அடுத்த நாள் கிளினிக்குக்குக் கூட வர ஆயத்தமாக இருக்க வேண்டும். இவை முடியாதென்றால் பெட்டி கொடுக்கப் போகக்கூடாது.

மூன்றாவதுதான் ஆகப் பயங்கரமானது, இதை ஒரு மறுப்பாளரும் எங்களிடம் கேட்கவில்லை. இந்தப் பெட்டி ஆயுதமாக மாறலாம். "என்னில நம்பிக்கை இருந்தால் ரெஸ்ற் பண்ணிப் படம் எடுத்து அனுப்பு" என்று காதலன் கேட்பான். பேச்சுக்கால் நேரத்தில் சாதகத்தோடு இதையும் கேட்கிற மாமிமார் வருவார்கள். பகிடிவதை செய்கிற சீனியர் ஒருவன் முதலாம் வருடப் பொடியனைக் கட்டாயப்படுத்துவான். எங்கட ஆக்களுக்கு எதையும் ஒழுக்கச் சான்றிதழாக மாற்றுகிற திறமை இருக்கிறது. ஆனால் இந்தப் பரிசோதனை யாருடைய ஒழுக்கத்தையும் அளக்காது. ஒரேயொரு துணையோடு வாழ்ந்தவருக்கும் தொற்று இருக்கலாம், பலரோடு இருந்தவருக்கு இல்லாமலும் இருக்கலாம். எங்கட வட்டத்தில் நாங்கள் வைத்துக்கொண்டது இதுதான்: பெட்டியைக் கொடுப்பவர் காரணம் கேட்பதில்லை, முடிவும் கேட்பதில்லை. முடிவைப் படம் எடுப்பதில்லை, தன் முடிவு என்றாலும். யாராவது படம் கேட்டால், கேட்டவரோடு கதைப்பதை நிறுத்துவது. இதை மீறுகிறவர் யாராக இருந்தாலும், எங்களில் ஒருவராக இருந்தாலும், வட்டத்துக்கு வெளியே.

நாங்கள் செய்தோம். அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் இன்னொரு ரிபன் மேசைதான்.

மாசி மாதம். வாயில் பார்க்கிற வகை, ஊசி இல்லை. அதற்கு முன் அரை மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடாமல் குடிக்காமல் இருந்தோம். சப்பட்டையான முனை உள்ள குச்சியால் மேல் முரசில் ஒருதரம், கீழ் முரசில் ஒருதரம் தடவி, மருந்துத் தண்ணி உள்ள குழாயில் வைக்க வேண்டும். பிறகு 20 நிமிடம் பார்த்திருக்க வேண்டும், 40 நிமிடத்துக்குள் வாசித்துவிட வேண்டும். கொவிட் காலத்து அன்டிஜன் ரெஸ்ற் பார்த்தவர்களுக்குக் கோடு வாசிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கோடு என்றால் எதிர்வினை இல்லை. இரண்டு என்றால் கிளினிக்கில் உறுதிப்படுத்த வேண்டும், அதுவரை அது ஒரு முடிவே இல்லை. கட்டுப்பாட்டுக் கோடு விழாவிட்டால் அந்தப் பெட்டி பழுது, வேறு எடுக்க வேண்டும். பெண்கள் மூன்று பேரும் ஒரு போடிங் ரூமில், கதவுக்குக் கதிரையை முட்டுக்கொடுத்துவிட்டு. பொடியங்கள் இரண்டு பேரும் அவர்களுடைய அனெக்ஸில். அந்த 20 நிமிடமும் நாங்கள் கதைத்த கதைகள் மூன்று வருடத்தில் கதைக்காதவை. யாருக்கு என்ன வந்தது என்று இங்கே எழுதமாட்டோம். "ஐந்து பேருக்கும் ஒன்றுமில்லை" என்று எழுதுவது லேசு, வாசிக்கிற உங்களுக்கும் நிம்மதி. பிறகு ஆறாவதாகச் செய்கிற ஒருவருக்கு இரண்டு கோடு விழுந்தால் அவர் தன்னை எங்களில் இருந்து வேறாக்கிப் பார்ப்பார். அதனால் எழுதவில்லை.

பெட்டியால் முடியாததையும் சொல்லிவிடுகிறோம், எங்களுக்கே பிந்தித்தான் தெரிந்தது. இது எச்.ஐ.வி.யை மட்டும் பார்க்கும். சிபிலிஸ், கொனோறியா, கிளமிடியா, ஹேர்பீஸ் ஒன்றையும் பார்க்காது. போன கிழமை நடந்ததையும் காட்டாது. கடைசியாக ஆபத்து நேர்ந்து மூன்று மாதம் போன பிறகுதான் ஒற்றைக் கோட்டை நம்பலாம். நேற்று நடந்தது பற்றிப் பயம் என்றால் பெட்டியைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தொற்றாமல் தடுக்கிற மருந்தை 72 மணித்தியாலத்துக்குள், முடிந்தளவு கெதியாகத் தொடங்க வேண்டும். ஏற்கனவே எச்.ஐ.வி. மருந்து எடுக்கிறவர்களுக்கு இந்தப் பெட்டி பிழையான முடிவு காட்டலாம். இன்னொன்று, கம்பஸில் இரத்ததான முகாம் வரும்போது "அங்க குடுத்தால் அவங்களே பார்ப்பாங்கள்தானே" என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பார்ப்பார்கள்தான், ஆனால் தொற்றின் ஆரம்ப நாட்களில் அவர்களுடைய பரிசோதனையும் தவறவிடலாம். அந்த இரத்தம் ஒரு பிள்ளைக்கு ஏறும்.

ஆகவே கிளினிக் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களில் இரண்டு பேர் பெட்டிக்குப் பிறகு, மற்றத் தொற்றுகளுக்காகக் கிளினிக்குக்கும் போனோம். பெயரை உரத்துக் கூப்பிடவில்லை, இலக்கத்தைத்தான் கூப்பிட்டார்கள். டொக்டர் மிஸ் ஒரு கேள்வியையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்கவில்லை. ஆனால் அங்கே போவதற்கான துணிவு முதலில் அந்த அறைக்குள், கதவுக்கு முட்டுக்கொடுத்த கதிரைக்கு இந்தப் பக்கம்தான் வந்தது. தேசிய நிகழ்ச்சித்திட்டத்தின் 'நோ ஃபோர் ஷுவர்' என்ற தளத்தில் கிளினிக்குக்கு நேரம் பதியலாம். சுயபரிசோதனை பற்றியும் அங்கே கேட்கலாம்.

மாணவர் ஒன்றியத்திடம் ஒரே ஒரு கோரிக்கை. இந்த வருடம் ரிபனுக்கு ஒதுக்குகிற காசில் ரிபன் வாங்க வேண்டாம். பனடோலும் பிளாஸ்ரரும் இருக்கிற முதலுதவிப் பெட்டி ஒவ்வொரு விடுதி மாடியிலும் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் பூட்டில்லாத ஒரு லாச்சி வையுங்கள். கருவிகளை நிகழ்ச்சித்திட்டத்திடம் கேட்டு எடுப்போம். யார் எடுத்தார்கள் என்று கொப்பியில் கையெழுத்து வாங்க வேண்டாம், எத்தனை குறைந்தது என்று எண்ணினால் போதும். முதலாம் வருடத்துக்கு அறிமுகம் நடக்கும்போது நூலகம் எங்கே, மருத்துவ நிலையம் எங்கே என்று காட்டுகிற அதே குப்பி அக்காமாரும் அண்ணாமாரும் இதையும் காட்டட்டும், அரை மணித்தியாலம் போதும்.

அந்தப் படம் வந்த குறூப் இன்னும் இருக்கிறது. போன கிழமை நாங்கள் ஐந்து பேரும் அதில் எழுதினோம், அன்றைக்குச் செய்தது பிழை என்று, எங்கட பெயர்களோடு. நீலச் சரி விழுந்தது, பதில் வரவில்லை. பிறகு தனித்தனியாக மூன்று பேர் இன்பொக்ஸில் வந்தார்கள். மூன்று பேரும் கேட்டது ஒன்றைத்தான்: "அந்தப் பெட்டி இன்னும் இருக்கே?"

இரண்டு கொடுத்துவிட்டோம். ஒன்று இருக்கிறது. எந்த ரூம் என்று அந்த மாடியில் கேளுங்கள், சொல்லுவார்கள்.